ஷவர் வால்வு கோளாறு: டைல்ஸை உடைப்பதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீர்தான். உப்பு அதிகம். ஷவர் சொட்டினாலோ கைப்பிடி இறுகினாலோ பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் என் கதவைத் தட்டுவார்கள். நான் தொழில்முறை பிளம்பர் இல்லை. சொந்த வீட்டில் கழற்றி மாட்டிப் பழகி, பிறகு மற்றவர்களுக்கும் செய்துகொடுக்க ஆரம்பித்தவன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. “உள்ளே வால்வு போயிடுச்சு, டைல்ஸை உடைக்கணும்” என்று சொல்லக் கேட்டு நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் உடைக்கத் தேவையே இருக்கவில்லை.

ஷவரை மூடிய பிறகும் சொட்டுகிறது. வால்வு போய்விட்டதா?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். ஷவர் தலையிலும் அதைத் தாங்கும் குழாயிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். அகலமான ஷவர் என்றால் ஒரு டம்ளருக்கு மேலேயே நிற்கும். மூடியதும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கால் மணி நேரம் சொட்டிவிட்டு நின்றுபோனால் அது பழுதே இல்லை. கடைசியாகக் குளித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு போய்ப் பாருங்கள். அப்போதும் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தால்தான் வால்வு கசிகிறது.

எவ்வளவு வீணாகிறது என்று தெரிய, கீழே ஒரு பாத்திரத்தைப் 10 நிமிடம் வையுங்கள். 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது, ஏறக்குறைய ஒரு குடம். வெந்நீர்ப் பக்கம் கசிந்தால் தண்ணீரோடு கரண்டும் போகும்.

வெந்நீர்ப் பக்கம் கசிகிறதா, பச்சைத் தண்ணீர்ப் பக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இது தெரியாமல் இரண்டு பக்கமும் கழற்றுபவர்கள் நிறைய. தேவையே இல்லை. கீசரின் சுவிட்சை அணையுங்கள். கீசருக்குத் தண்ணீர் போகும் வழியில் சுவரை ஒட்டி ஒரு ஆங்கிள் காக் இருக்கும், அதை முழுதாக மூடுங்கள். தேங்கிய தண்ணீர் இறங்க அரை மணி நேரம் விடுங்கள். சொட்டுவது நின்றுவிட்டால் கோளாறு வெந்நீர்ப் பக்கம். நிற்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்ப் பக்கம், அல்லது இரண்டும். சொட்டும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்துச் சொல்ல முடியாது. மெதுவாகச் சொட்டும்போது வெந்நீர் குழாயிலேயே ஆறிவிடும்.

கழற்றுவதற்கு முன் தண்ணீரை எங்கே அடைப்பது?

தனி வீடு என்றால் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு கேட் வால்வு அல்லது பால் வால்வு இருக்கும். அடுக்குமாடியில் சில இடங்களில் குளியலறைக்கு வெளியே, குழாய்கள் இறங்கும் பள்ளத்தில் இருக்கும்; சில இடங்களில் குளியலறைக்குள்ளேயே டைல்ஸில் ஒரு வட்ட மூடிக்கு அடியில் இருக்கும். எது எந்த அறைக்குப் போகிறது என்று முன்பே ஒருமுறை மூடிப் பார்த்து, பெயின்ட்டில் எழுதி வைத்துவிடுங்கள். பழுதான அன்று ஐந்து வால்வையும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருப்பது கஷ்டம்.

பழைய பித்தளை கேட் வால்வில் ஒரு ஆபத்து இருக்கிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாமல் இறுகிப்போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்துவிடும். அப்புறம் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து, மறுபடி கொஞ்சம் மூடி என்று முன்னும் பின்னுமாக அசைத்துத்தான் இளக்க வேண்டும். மூடிய பிறகும் நூல்போலத் தண்ணீர் வந்தால் கேட் வால்வு முழுதாக அடைக்கவில்லை. மிக மெல்லிய கசிவு என்றால் ஒரு வாளியை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். அதற்கு மேல் வந்தால் தொட்டியிலிருந்து வரும் வாயை அடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிரஷர் பம்ப் இருந்தால் அதையும் அணையுங்கள். நீங்கள் ஸ்பிண்டிலை, அதாவது கைப்பிடியோடு திரும்பித் தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகத்தை, கழற்றிக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் அது ஓட ஆரம்பித்தால் குளியலறை முழுக்கத் தண்ணீர்தான்.

என் வீட்டில் இருப்பது எந்த வகை வால்வு?

கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். மூடியதிலிருந்து முழுதாகத் திறக்க இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ முழுதாகத் திறந்துவிட்டால் உள்ளே இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டிருக்கும். ஒரே கைப்பிடியை மேலே தூக்கித் தண்ணீர் விட்டு, இடம் வலமாகத் திருப்பிச் சூடு கூட்டிக் குறைப்பது என்றால் அது சிங்கிள் லீவர்; அதற்குள் கார்ட்ரிட்ஜ் என்று ஒரு பிளாஸ்டிக் உருளை இருக்கும். 35 மி.மீ., 40 மி.மீ. இரண்டும் அதிகம் புழக்கத்தில் உள்ள அளவுகள்.

வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்துவிடும் மிக்சர் சுவருக்கு வெளியே தெரிகிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா என்பது இன்னொரு விஷயம். புதைந்திருந்தாலும் தேய்மானம் ஆகிற பகுதி முன்பக்கமாகவே வெளியே வரும்படிதான் செய்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, ஸ்பிண்டிலை எப்படிக் கழற்றுவது?

முதலில் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை ஒரு துணியால் மூடுங்கள். சின்ன ஸ்குரூ ஒன்று அதற்குள் உருண்டுபோனால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றும்போதும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியின் நடுவில் சிவப்பு அல்லது நீல நிறத்தில் ஒரு பொட்டு இருக்கும். அதன் ஓரத்தில் மெல்லிய கத்தி முனையைக் கொடுத்து நெம்பினால் கழன்று வரும். அடியில் ஸ்குரூ தெரியும். பொட்டு இல்லாவிட்டால் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்குள் அலன் கீ போடும் ஸ்குரூ. பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ. கீ பொருந்தும். கீயை அடிவரை அழுத்தி உட்காரவைத்த பிறகே திருப்புங்கள். நுனியில் மட்டும் பிடித்துத் திருப்பினால் தலை வழுக்கிவிடும்.

ஸ்குரூவை எடுத்த பிறகும் கைப்பிடி வராது. உப்பு பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள். துணியை வினிகரில் நனைத்துக் கைப்பிடியின் அடியைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விட்டு, இப்படியும் அப்படியும் அசைத்து இழுத்தால் வந்துவிடும். அதற்குப் பின்னால் சுவரை மூடும் வட்டத் தகடு இருக்கும். சிலவற்றில் சும்மா இழுத்தால் வரும், சிலவற்றில் மரை இருக்கும். அதையும் எடுத்தால் ஸ்பிண்டிலின் ஆறுபட்டைத் தலை தெரியும்.

ஸ்பிண்டிலைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொண்டு, சரியான அளவு ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். புதைந்த வால்வு என்றால் நீளமான பாக்ஸ் ஸ்பேனர்தான் உள்ளே போகும். கட்டிங் பிளேயரால் கடித்துத் திருப்பினால் பட்டை மழுங்கி, பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. சுவருக்கு வெளியே இருக்கும் மிக்சர் என்றால் அதன் உடம்பை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பலம் முழுவதும் சுவருக்குள் இருக்கும் குழாய்க்குப் போகக் கூடாது. சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் முறுக்குதலைத் தாங்காது.

கழற்றியாகிவிட்டது. எதைப் பார்ப்பது?

ரப்பர் வாஷர் வகை என்றால் வாஷரைத் திருப்பி முகத்தைப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால், கல்போல இறுகியிருந்தால், ஓரம் பிய்ந்திருந்தால், அதுதான் காரணம். மாற்றிவிடுங்கள். அதோடு நிறுத்தாமல், வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், விரல் எட்டினால் தடவியும் பாருங்கள். வழவழவென்று இருக்க வேண்டும். பள்ளமோ கீறலோ இருந்தால் புது வாஷர் போட்டாலும் சில வாரத்தில் மறுபடி சொட்டும். அந்த விளிம்பைச் சீவிச் சமன் செய்ய ஒரு சின்னக் கருவி உண்டு. வாஷரை மட்டும் நாலு தடவை மாற்றிவிட்டு “கம்பெனி சரியில்லை” என்று சொல்லும் வீடுகளில் இதைத்தான் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

பீங்கான் தகடு வகையில் கதை வேறு. தகடு அவ்வளவு எளிதில் தேயாது. மணலோ உப்புக்கட்டியோ நடுவில் மாட்டுவதுதான் வழக்கம். எங்கள் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம், மிக்சரையே மாற்ற வேண்டும், இரண்டு வரிசை டைல்ஸ் உடையும் என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நிறத்தில் டைல்ஸ் இனிமேல் கிடைக்காது என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. ஸ்பிண்டிலைக் கழற்றி அடியிலிருந்த ரப்பரை எடுத்து, தகடுகளை உள்ளங்கையில் தட்டினேன். இரண்டுக்கும் நடுவில் நகத்துண்டு அளவுக்கு வெள்ளை டெஃப்லான் டேப் பிசிறு. பல மாதங்களுக்கு முன் கீசர் மாட்டியபோது சுற்றிய டேப்பின் பிசிறு அடித்துக்கொண்டு வந்து அங்கே மாட்டியிருக்க வேண்டும். துடைத்துத் திரும்பப் போட்டதும் சொட்டு நின்றுவிட்டது. அவர் சுவரையும் வால்வையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

தகடுகளைப் பிரிக்கும்போது எது மேலே, எது கீழே, எந்தத் துளை எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திசை மாறி உட்கார்ந்தால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும். பளபளப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தை உப்புக் காகிதத்தால் தேய்க்கவே கூடாது. கீறலோ விரிசலோ இருந்தால் ஸ்பிண்டிலையே மாற்றுவதுதான் வழி.

கடையில் என்ன கேட்டு வாங்குவது?

பழைய ஸ்பிண்டிலையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கூடவே கைப்பிடியையும். “அரை இஞ்ச் ஸ்பிண்டில்” என்று வாயால் சொன்னால் போதாது. மேல் முனையில் இருக்கும் பற்கள் 20, 24 என்று மாறும். ஒன்றுக்கு வாங்கிய கைப்பிடி இன்னொன்றில் உட்காராது. உயரம் மாறும். அடியில் வரும் மரை மாறும். லீவர்போல நீண்ட கைப்பிடி உள்ள மிக்சரில் இடப்பக்க ஸ்பிண்டிலும் வலப்பக்க ஸ்பிண்டிலும் எதிரெதிர்த் திசையில் மூடும். அதையும் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி பெயர் கைப்பிடியிலோ வட்டத் தகட்டிலோ பொறித்திருக்கும். அதே கம்பெனி ஸ்பிண்டில் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள் என்பேன். பொருந்தாத ஸ்பிண்டிலைத் திருகி மிக்சரின் உள்மரையைக் கெடுத்துக்கொண்டால்தான் நிஜமாகவே டைல்ஸை உடைக்க வேண்டி வரும்.

புதிதைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியது?

பொருத்துவதற்கு முன் குழாயைக் கழுவுங்கள். ஒருவர் கேட் வால்வை இரண்டு மூன்று நொடி மட்டும் திறக்கட்டும். நீங்கள் வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மணல், துரு, பிசிறு வெளியே வந்துவிடும். இதைச் செய்யாததால் புது ஸ்பிண்டில் முதல் நாளே கீறலாகிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையால் மட்டும் திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது. எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். ரப்பர் வாஷர் வகையாக இருந்தால் ஸ்பிண்டிலைத் திறந்த நிலையில் வைத்தே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வாஷர் முன்கூட்டியே விளிம்பில் நசுங்கும். முடிவில் ஸ்பேனரால் ஒரு சின்ன இழுப்பு போதும். இங்கே நீரை அடைப்பது ரப்பர் வளையம்தான், பலம் இல்லை. அதனால் ஸ்பிண்டில் மரைக்கு டெஃப்லான் டேப்பும் தேவையில்லை. டேப் வேண்டியது ஷவர் குழாய் சுவரில் ஏறும் மரைக்கு. அதில் மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள்.

ஷவர் சொட்டவில்லை, கைப்பிடியின் அடியிலிருந்து தண்ணீர் வருகிறது. இதுவும் அதே கோளாறா?

இல்லை. ஸ்பிண்டில் தண்டைச் சுற்றியிருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருக்கும். திறந்திருக்கும்போது மட்டும் கசிந்து, மூடினால் நின்றுவிடுவது இதற்கு அடையாளம். பழைய வகைகளில் கைப்பிடிக்கு அடியில் தண்டைச் சுற்றிக் கிளாண்ட் நட் என்று ஒரு நட் இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்கினாலே நிற்கலாம்.

கைப்பிடி இறுகிவிட்டது. தேங்காய் எண்ணெய் விடலாமா? ஆசிட் விட்டால் உப்பு போகுமா?

இரண்டும் வேண்டாம். தண்ணீர்க் குழாய்களில் வரும் ஓ ரிங்குகளில் பல, எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் ரப்பரால் ஆனவை. தேங்காய் எண்ணெய், வாசலின், சாதாரண கிரீஸ் எது போட்டாலும் முதல் நாள் வழுக்கிக்கொண்டு திரும்பும்; பிறகு ரப்பர் உப்பி இன்னும் இறுகும். சிலிகான் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

கக்கூஸ் கழுவும் ஆசிட் உப்பைக் கரைக்கும், கூடவே குரோம் பூச்சையும் அரிக்கும், பித்தளையையும் தின்னும். கழற்றிய உலோகப் பாகங்களை வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். காற்று போகாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஷவர் திறந்தால் கீழ்க் குழாயிலும் தண்ணீர் வருகிறது. என்ன செய்வது?

அது டைவர்ட்டர், அதாவது தண்ணீரை மேலேயும் கீழேயும் திருப்பிவிடும் பகுதி. கழற்றும் முறை ஸ்பிண்டிலுக்குச் சொன்னதேதான். ஆனால் எல்லாவற்றையும் மூடிய பிறகும் சொட்டினால் டைவர்ட்டரைக் குறை சொல்லாதீர்கள். அதன் வேலை திருப்பிவிடுவது மட்டும்தான், அடைப்பது மேலே சொன்ன ஸ்பிண்டில்களின் வேலை.

தண்ணீர் மிகக் குறைவாக வருகிறது. வால்வில் அடைப்பா?

ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். நன்றாக வந்தால் ஷவர் துளைகளில்தான் உப்பு. அப்போதும் குறைவாக வந்தால் அதே குளியலறையின் இன்னொரு குழாயைத் திறந்து பாருங்கள். அதில் நன்றாக வந்தால் மிக்சருக்குள் அடைப்பு, அதிலும் குறைவு என்றால் கேட் வால்வோ மேலிருந்து வரும் குழாயோ.

மேல் மாடிக்காரர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி உங்கள் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். பெரிய மழை ஷவருக்கு அது போதாது. எத்தனை வால்வு மாற்றினாலும் அந்த அழுத்தம் கூடாது. தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது பம்ப் வைக்க வேண்டும், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்று வரும் சின்ன ஷவரை மாட்ட வேண்டும்.

கீசர் நன்றாக வேலை செய்கிறது, ஷவரில் மட்டும் வெதுவெதுப்பாக வருகிறது. ஏன்?

எங்கேயோ ஒரு மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். கீசர் சுவிட்சை அணைத்து, ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கலப்பு இருக்கிறது. தேய்ந்துபோன சிங்கிள் லீவர் கார்ட்ரிட்ஜ் ஒரு காரணம். இரண்டு கைப்பிடியையும் திறந்துவைத்துவிட்டுக் கை ஷவரின் பொத்தானால் மட்டும் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் இன்னொன்று. பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீட்டில் இது இன்னும் மோசமாக இருக்கும். ஒரே கீசர் இரண்டு அறைக்குப் போனால் பழுது பக்கத்து அறை மிக்சரில்கூட இருக்கலாம்.

கீழ் வீட்டுக் கூரையில் ஈரம். எங்கள் ஷவர் வால்வுதான் காரணமா?

சண்டைக்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். குளியலறையின் கேட் வால்வை மூன்று நான்கு நாள் மூடிவைத்து வாளித் தண்ணீரில் குளியுங்கள். ஈரம் குறைந்தால் அழுத்தம் இருக்கும் குழாயிலோ வால்விலோ கசிவு. குறையாமல் இருந்தால் தரை, டைல்ஸ் இடுக்கு, கழிவுநீர்க் குழாய் பக்கம் பாருங்கள். அடுத்து, கேட் வால்வைத் திறந்துவைத்துக் கீழ்க் குழாயை மட்டும் சில நாள் பயன்படுத்துங்கள். ஷவர் போட்டால் மட்டும் ஈரம் கூடுகிறது என்றால் மிக்சரிலிருந்து ஷவருக்கு ஏறும் குழாய் அல்லது அதன் முனை மரை. அந்த மரையை வெளியிலிருந்தே கழற்றி டேப் சுற்றி மாட்டலாம். கடைசியாக, ஷவர் குழாயைக் கழற்றிவிட்டு அந்த வாயை எண்ட் பிளக்கால் அடைத்து, மிக்சரை ஷவர் பக்கம் திருப்பி ஒரு மணி நேரம் திறந்துவையுங்கள். அதில் ஈரம் கூடினால் சுவருக்குள் இருக்கும் குழாயேதான். அந்த நிலையில் டைல்ஸை உடைக்கத்தான் வேண்டும். எந்த இடத்தில் என்றும் தெரிந்திருக்கும்.

எப்போது நானே செய்யாமல் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்?

கேட் வால்வு அடைக்காவிட்டால், ஸ்பிண்டில் கொஞ்சமும் அசையாவிட்டால், மிக்சரே சுவரில் ஆடினால், மரை உள்ளே முறிந்து மாட்டிக்கொண்டால். கீசரின் கரண்ட் சம்பந்தப்பட்ட எதற்கும் எலக்ட்ரீஷியன்தான். வேலை முடிந்ததும் வெந்நீர்க் குழாயில் காற்று போய்த் தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகே கீசரைப் போடுங்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் போட்டால் காயில் எரிந்துவிடும்.

புது வீடு கட்டுகிறோம். முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?

ஒவ்வொரு குளியலறைக்கும் வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என்று கை எட்டும் உயரத்தில் தனித்தனி பால் வால்வு வையுங்கள். சுவரில் குழாய் ஓடி முடிந்ததும், பூசுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மிக்சர் வாங்கிய ரசீதையும், மிச்சமான டைல்ஸில் ஒரு பெட்டியையும் பரணில் போட்டுவையுங்கள்.